மூன்றாவது தேக்குப் பெட்டி

ஜூன் 2, ஞாயிறு

இந்த நோட்டு தொலைந்துபோய் யாராவது எடுத்தால்: குணாளன், சரக்கு ரயில் ஓட்டுநர், ரயில்வே குடியிருப்பு, ஜோலார்பேட்டை. உள்ளே ரகசியம் ஒன்றும் இல்லை. ரேடியோ வேலைக் குறிப்புகள் மட்டும்தான்.

முதல் பெட்டி இன்று முடிந்தது. ரெசிஸ்டர் பெட்டி. பழைய ரேடியோவில் ஒரு ரெசிஸ்டர் கருகி எழுத்தெல்லாம் அழிந்துபோயிருக்கும். அந்த இடத்தில் எவ்வளவு மதிப்புள்ளது இருந்தது என்று தெரியாது. இந்தப் பெட்டியை இரண்டு கம்பிகளால் அங்கே இணைத்துக் குமிழைத் திருப்பிக்கொண்டே போனால், ரேடியோ பேச ஆரம்பிக்கும் இடம் வரும். அங்கே நிறுத்தி மதிப்பைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பலகை எங்கள் கல்யாணக் கட்டிலின் தலைமாட்டுத் தேக்கு. கட்டிலின் கால் போன வருஷமே செல்லரித்துவிட்டது, தலைமாடு மட்டும் கல் மாதிரி இருந்தது. மூலைகளை விரல் கோத்ததுபோல் வெட்டி இணைத்தேன். உப்புத்தாள் மூன்று ரகம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியில் தொட்டுத் தேய்த்ததும் உள்ளே இருந்த ரேகையெல்லாம் மேலே வந்தது.

"கட்டில ஒடச்சுப் பொட்டி செய்யற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் புஷ்பா. ஆனால் கையால் தடவிப் பார்த்தாள்.

இன்னும் இரண்டு செய்ய வேண்டும். கன்டென்சர் பெட்டி ஒன்று. மூன்றாவது, ஒலி எழுப்பும் பெட்டி. அதன் ஒலியை ரேடியோவின் ஒவ்வொரு கட்டத்திலும் கொடுத்துப் பார்த்தால், எங்கே சத்தம் நின்றுபோகிறதோ அங்கேதான் பழுது.

ஆகஸ்டில் மருத்துவப் பரிசோதனை வருகிறது. சர்க்கரையைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 8, சனி

வண்டி காலையில் கிளம்பி மதியத்துக்குள் சேலம். இந்த மாதத்திலிருந்து எனக்குப் புது உதவி ஓட்டுநர், வினோதினி. முப்பது வயது இருக்கும். தர்மபுரிப் பக்கம். வேலையில் சுத்தம். ஏறியதும் எஞ்சினை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஒரே குறை. வாய்க்குள்ளேயே பேசுகிறாள். சிக்னல் தெரிந்ததும் உதவி ஓட்டுநர் அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் கண்ணும் ஒன்றையே பார்த்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இவள் சொல்வது எஞ்சின் சத்தத்தில் கரைந்துபோகிறது. நிறத்தை நானே பார்த்து நானே சொல்லிக்கொண்டேன்.

கார்டு ரஹமத்துல்லா. இருபது வருஷமாக என்னோடு ஓடுகிறவர். அவர் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாக இருக்கும். வாக்கி டாக்கியில் அவர் பேசினால் ஒரு எழுத்துக்கூடச் சிந்தாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்படிப் பேசத் தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

கன்டென்சர் பெட்டிக்குப் பலகை அறுத்தேன். ரம்பம் மழுங்கிவிட்டது.

பெரிய மகள் பெங்களூரிலிருந்து நான்கு தடவை போன் செய்திருக்கிறாள். போன் என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. அந்த மணியோசை மிகவும் மெல்லிசாக இருக்கிறது. பழைய லேண்ட்லைன் மணி மாதிரி ஒன்றை மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

டி.வி. சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டு அம்மாள் புஷ்பாவிடம் ஏதோ சொன்னாளாம். ரயில்வே குடியிருப்பில் சத்தத்தைப் பற்றிப் பேசுவதே வேடிக்கைதான்.

ஜூன் 16, ஞாயிறு

இரண்டாவது பெட்டியும் முடிந்தது. குமிழைச் சுற்றி எண்களை எழுத வெள்ளைப் பெயின்ட், ஒற்றை முடி பிரஷ். மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினேன். இரண்டையும் அருகருகே ஷோகேஸின் மேல் வைத்தபோது வீட்டுக்கு யாரோ பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

ரஹமத்துல்லா வந்திருந்தார். "கடையில கெடைக்குமே குணா, எதுக்கு இவ்ளோ மெனக்கெடறே" என்றார்.

"கடையில பிளாஸ்டிக் பொட்டி. எடுத்தா கை வழுக்கும்."

"ஒனக்கு ரிட்டையர் ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்கு. இப்பவே இதெல்லாம் சேத்து வைக்கிறே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஏனோ சுருக்கென்றது. ஓட்டுநருக்கு உடம்பில் ஏதாவது குறை என்று எழுதிவிட்டால் ரிட்டையர்மென்ட் வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த நாளே நாற்காலி. போன வருஷம் பெரியநாயகம் அண்ணனுக்குக் கண்ணில் குறை வந்து, இப்போது ஸ்டோரில் விளக்கு எண்ணிக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் ஐம்பத்தெட்டு வேகனை இழுத்த மனிதர்.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாவது பெட்டிக்கான சர்க்யூட்டைப் பலகையில் பற்றவைத்தேன். குமிழைத் திருப்பத் திருப்ப அடித்தொண்டை உறுமலிலிருந்து விசில் வரை ஒலி ஏறிக்கொண்டே போக வேண்டும்.

பாதி வரை அருமையாக வேலை செய்கிறது. தவில், நாகஸ்வரம், புல்லாங்குழல் என்று வரிசையாக வருகிறது. அதற்குமேல் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுவிடுகிறது. முக்கால் குமிழில் ஒன்றுமே இல்லை. கன்டென்சர் மதிப்பு தவறாக இருக்கலாம்.

ஜூன் 19, புதன்

கன்டென்சரை மாற்றினேன். அதேதான்.

ஜூன் 21, வெள்ளி

ஐ.சி.யை மாற்றினேன். புது வால்யூம் கன்ட்ரோல் போட்டேன். ஸ்பீக்கர்தான் காரணம் என்று தோன்றியதால், சேலம் போனபோது விசில் சத்தத்துக்கென்றே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவந்தேன்.

அதை இணைத்துக் குமிழை முக்காலில் வைத்து, சத்தம் வருகிறதா என்று காதருகே கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. சமையலறையிலிருந்து புஷ்பா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னங்க அது, காது கிழியுது. நிறுத்துங்க மொதல்ல."

நிறுத்தினேன்.

"எது கிழியுது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு, அதுவா இருக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.

மிக்ஸிதான். தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 22, சனி

மீட்டரை வைத்துப் பார்த்தேன். முக்கால் குமிழிலும் முள் இறங்காமல் நிற்கிறது, சத்தம் வெளியே போவதாகக் காட்டுகிறது. இந்த மீட்டர் பழையது. நம்ப முடியாது.

பெட்டிக்குப் பலகை இழைத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று வினோதினி ஒரு காரியம் செய்தாள். சிக்னல் வரும்போது வாயால் சொல்வதோடு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுகிறாள். பச்சைக்கு உள்ளங்கை. மஞ்சளுக்கு ஒரு விரல், இரட்டை மஞ்சளுக்கு இரண்டு. நல்ல பழக்கம். எல்லா உதவி ஓட்டுநர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

திருப்பத்தூர் தாண்டியதும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இன்னும் கொஞ்சம் சத்தமா பேசவா?"

"பேசு. நீதான் வாய்க்குள்ளயே பேசற."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாராவது ஏதாவது சொன்னால் "என்ன?" என்று இரண்டாம் தடவை கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் அவர்கள் என் முகத்தைப் பார்க்கிற விதம் பிடிக்கவில்லை. பெரும்பாலும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. ரயில்வேயில் புதிதாக யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்.

ஜூன் 29, சனி

மூன்றாவது பெட்டியை மூடிப் பாலிஷ் போட்டேன். மூன்றிலும் இதுதான் அழகு.

குமிழில் சத்தம் நிற்கிற இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுவைத்தேன். பேட்டரி இறங்கினால் தெரியும் என்பதற்காக.

ஜூலை 4, வியாழன்

பரிசோதனைக்குத் தேதி வந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம்.

போன தடவை போய்வந்தவர்களிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். காதுக்கு ஹெட்போன் மாட்டுவார்களா, வெறுமனே பேசித்தான் பார்ப்பார்களா, எந்த வார்த்தைகளைச் சொல்வார்கள். ஒருத்தன், "எதுக்குண்ணே, ஒங்களுக்கு என்ன" என்றான். சும்மாதான் என்றேன்.

கோடு போட்ட இடத்தில் இன்று சத்தம் இல்லை. கொஞ்சம் கீழே இன்னொரு கோடு போட்டேன். புது பேட்டரிதான் இருக்கிறது. தேக்கு மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும், அதனால் சர்க்யூட்டில் ஏதோ மாற்றம் இருக்கலாம்.

புஷ்பா காலையில் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். வழியில் ஒரு வேகனில் பிரேக் கோளாறு. வாக்கி டாக்கியும் சரியில்லை.

வாழைக்காய் வறுவல். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, புதன்

ரெஸ்ட். வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

ஜூலை 11, வியாழன்

எழுதாமல் இருந்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கை வேறு எதையும் செய்யமாட்டேன் என்கிறது. எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன ஸ்டேஷனைக் கடக்கும்போது, எங்கள் வண்டியின் நடுவில் ஒரு வேகனில் புகை வருவதைப் பார்த்து ஸ்டேஷன் ஆட்கள் சிவப்புக் கொடி காட்டினார்கள். வண்டியை அதே தண்டவாளத்தில் அங்கேயே நிறுத்தினோம். பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதை விடுவிப்பது உதவி ஓட்டுநரின் வேலை. வினோதினி சுத்தியலும் வாக்கி டாக்கியும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் எஞ்சினில். ரஹமத்துல்லா கடைசியில், கார்டு பெட்டியில்.

வெயில். நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ் காத்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கையை ஆட்டி எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாக்கி டாக்கியில் வினோதினியின் குரல் வந்தது. எனக்குக் கேட்டது இதுதான்: "சார்... எடு...ங்க."

திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். சட்டம் அதுதான். இருபத்தேழு வருஷமாகச் செய்துவந்ததுதான். அன்று செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். "என்ன?" என்று கேட்க வேண்டியிருக்குமே என்பதற்காகச் செய்யவில்லை.

பிரேக்கை விட்டேன். எஞ்சின் கைப்பிடியை ஒரு நாட்ச் தள்ளினேன். எஞ்சின் நகர்ந்தது. இணைப்புகள் ஒவ்வொன்றாக இழுபடும் சத்தம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்து வந்தது ரஹமத்துல்லாவின் குரல். "குணா, நிறுத்து. பொண்ணு அடியில இருக்கு, நிறுத்து."

நான் கை வைப்பதற்கு முன்பே பிரேக் பிடித்துவிட்டது. கார்டு பெட்டியில் பிரேக் அழுத்தத்தைக் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்ததுமே அவர் அவசர வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்த முள்ளை அவர் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நான் இறங்கி ஓடினேன். ஓட முடியவில்லை, ஜல்லியில் கால் புதைந்தது. பாதி வழியில் அவள் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கன்னத்தில் கிரீஸ். ஒரு கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

"வினோதினி" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி நடந்துபோய் எஞ்சினில் ஏறித் தண்ணீர் குடித்தாள்.

வண்டி அரை முழம்தான் நகர்ந்திருந்தது என்று ரஹமத்துல்லா பிறகு சொன்னார்.

ஜோலார்பேட்டை வரும்வரை சிக்னல் வந்தபோதெல்லாம் அவள் கையை மட்டும் நீட்டினாள். இறங்கும்போது சொன்னாள்: "வாக்கி டாக்கி சரியில்லன்னு எழுதிடுங்க சார். நானும் அதையே சொல்றேன்."

"ஏம்மா?"

"எழுதிடுங்க சார்."

ரஹமத்துல்லா என்னைத் தனியே கூப்பிட்டார். "செட்டு நல்லாத்தான் இருந்துச்சு குணா. அந்தப் பொண்ணு சொன்னது எனக்குத் தெளிவா கேட்டுச்சு. நான் நாப்பது வேகன் பின்னாடி இருந்தேன்." என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். "இன்னிக்கு நான் எதுவும் எழுதல. நீ எழுதறியான்னு பாக்கறேன்."

நான் எழுதினேன். வாக்கி டாக்கி சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 13, சனி

நாளை மறுநாள் டூட்டி போட்டிருக்கிறார்கள். அதே வினோதினியோடுதான்.

செட்டை டெக்னீஷியன் பிரித்துப் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டானாம். காற்றில் ஏதாவது இடைஞ்சல் இருந்திருக்கும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்ததும் புஷ்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மூன்றாவது பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சத்தம் கேக்கற வரைக்கும் விரலத் தூக்கி வச்சுக்க. நின்னதும் கீழ போடு."

"எதுக்குங்க இதெல்லாம்."

"செய்யேன்."

அவள் சுட்டுவிரலைத் தூக்கினாள். நான் குமிழை அடியிலிருந்து மெல்லத் திருப்பினேன். உறுமல். தவில். நாகஸ்வரம். புல்லாங்குழல். பென்சில் கோடுகள் வந்தன. கீழ்க்கோடு. எனக்குச் சத்தம் நின்றது. அவள் விரல் நின்றுகொண்டிருந்தது. மேல்கோட்டைத் தாண்டினேன். விரல் இறங்கவில்லை. முக்கால். அவள் முகம் சுளித்தது. அறை முழுக்க எனக்கு வெறும் மௌனம். அந்த மௌனத்தின் நடுவில் அவள் விரல் தனியாக நின்றுகொண்டே இருந்தது. கடைசி எண்ணுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அதைக் கீழே போட்டாள்.

நான் பெட்டியை அணைத்தேன். சர்க்யூட் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது.

"ஒனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?" என்றேன்.

"பெரியவ கல்யாணத்துக்கு முன்னாடியே."

"ரெண்டு வருஷமா? சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க. ரெண்டு மூணு தடவ சொன்னேன். நெசமாவே கேக்கலியா, கேக்காத மாதிரி இருந்தீங்களான்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அவள் எப்போதும் என் எதிரில் வந்து நின்றுதான் பேசுகிறாள், சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. வெகுநேரம் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கொழந்த இருக்கா?"

"ஒரு பையன். எல்.கே.ஜி."

"நாளைக்குப் போய் சொல்லிடுங்க."

"சொன்னா அப்புறம் எஞ்சின்ல ஏற முடியாது புஷ்பா. உனக்குப் புரியுதா."

"புரியுது" என்றாள், என் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு எழுத்தாக.

ஜூலை 15, திங்கள்

டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். சட்டை நனைந்துவிட்டது. எங்கள் மேலதிகாரி, லோகோ இன்ஸ்பெக்டர் சாமுவேல்ராஜ், அறையில் இருந்தார். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரச் சொன்னாரா என்று தெரியாமல் வெளியே நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவரே எழுந்துவந்து திறந்தார்.

"சார், போன செவ்வாய்க்கிழமை நான் எழுதினது பொய். செட்டுல கோளாறு இல்ல. என் காதுல."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். வேகன், புகை, வினோதினி சொன்னது, நான் கேட்டது, ரஹமத்துல்லா வால்வைத் திறந்தது எல்லாம். ரஹமத்துல்லாவும் வினோதினியும் எனக்காகத்தான் வாயை மூடினார்கள், அவர்கள்மேல் தவறு இல்லை என்றும் சொன்னேன்.

"குணாளன், பரிசோதனைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுல தானா தெரிஞ்சிருக்கும். இப்ப நீங்களே எழுதிக் கொடுத்தா விசாரணை வரும். தெரியும்ல?"

"தெரியும் சார். இன்னிக்கு டூட்டி இருக்கு. அதே பொண்ணோட."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

என் வண்டியை வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார். நான் பிளாட்பாரத்து ஓரமாக வீட்டுக்கு நடந்து வந்தேன். டிபன் கேரியரில் சோறு அப்படியே இருந்தது. புஷ்பா அதைத் திறந்து தட்டில் போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

பரிசோதனையை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். ஹெட்போன் மாட்டிக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நடுவில் வெகுநேரம் பட்டன் என் கையில் சும்மாவே இருந்தது. ஊகித்து அழுத்தலாம் என்று ஒருமுறை விரல் போனது. அழுத்தவில்லை.

இரண்டு காதும். எஞ்சின் சத்தத்தில் வருஷக்கணக்கில் தேய்ந்தது, திரும்ப வராது என்றார் டாக்டர். கருவி வைத்தால் வீட்டில் பேச்சுக்கு உதவும். ஓடும் வண்டிக்கு உதவாது.

விசாரணையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஓட்டுநர் சாமான் பெட்டியின் பூட்டையும் டார்ச்சையும் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மழை. வண்டிகள் போவது தரை வழியாகப் பாதத்தில் தெரிகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஓட்டுநர்கள் வந்து கையெழுத்துப் போடும் இடத்திலேயே மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். டூட்டிக்கு வருகிறவர்களுக்கு வழியில் எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்ற தாளையும் வாக்கி டாக்கியையும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். புதுக் கருவி காதுக்குள் அரிக்கிறது. மின்விசிறிச் சத்தமும் தாள் புரளும் சத்தமும் பேச்சின்மேல் ஏறிக்கொள்கின்றன.

ரஹமத்துல்லா காலையில் வந்தார். கௌண்டருக்கு உள்ளேயே வந்து என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு வினோதினி வந்தாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். கூட வருகிற ஓட்டுநர் இன்னும் வரவில்லை. தாளை வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். வாக்கி டாக்கியைக் கொடுத்தேன். கிளம்பியவள், நின்றாள்.

"நீங்களே போய் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்."

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன். புஷ்பாவும் வரேன்னா. எந்த மொகத்த வச்சுட்டு வர்றதுன்னு..."

"வீட்டுக்கு வேணாம் சார்" என்றாள் அவசரமாக.

கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீ சரியா என்னம்மா சொன்ன? ரஹமத்துல்லா, 'எடுக்காதீங்க'ன்னு நீ சொன்னதா சொன்னாரு. அவ்வளவுதானா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கௌண்டரின் மேல் குனிந்து, என் முகத்துக்கு நேரே வந்து, மெதுவாகச் சொன்னாள்.

"'சார், எடுக்காதீங்க'ன்னு சொன்னேன். அது வரைக்கும்தான் பட்டன் அழுந்தியிருந்துச்சு. அதுக்கப்புறம் செட்டு கீழ விழுந்துடுச்சு. என் ஷூ பிரேக் கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல மாட்டியிருந்துச்சு சார். உருவ முடியல. வண்டி நகர்ந்தப்ப காலையும் கூடவே இழுத்துச்சு. நின்னதுக்கப்புறம்தான் லேஸ அறுத்து எடுத்தேன்."

விசாரணையில் அவள் இதைச் சொல்லவே இல்லை. அடியில் இருந்தேன், வெளியே வந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா எங்க வீட்டுக்குத் தெரியும். அப்புறம் என்னய வேலைக்கு விட மாட்டாங்க." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாள். "ரெண்டு நாள் உங்க மேல அவ்ளோ ஆத்திரம் சார். இனிமே இந்த மனுஷன் கூட ஏற மாட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன். ஆனா திங்கக்கெழம பேர் போட்டிருந்தாங்க. மாட்டேன்னா காரணம் கேப்பாங்க. ஏறியிருப்பேன்."

"ஏறியிருப்பியா?"

"வேற என்ன சார் பண்றது."

அவளுடைய ஓட்டுநர் வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "என்னம்மா, போலாமா" என்றார். அவள் சுத்தியல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாக்கி டாக்கியை வாயருகே வைத்துச் சோதித்துப் பார்த்தாள். அவர், "நல்லா கேக்குது" என்று திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் வெயிலில் இறங்கி எஞ்சினை நோக்கி நடந்தார்கள். அவள் எஞ்சினை முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

கௌண்டரில் அடுத்த ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார். ஏதோ கேட்டார். கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். அந்த வண்டியின் கடைசிப் பெட்டி என் ஜன்னலைத் தாண்டும் வரை நான் உட்காரவில்லை.